குளவி வாழும் தோப்பில் மருந்து அடிக்காதீர்கள்

சனிக்கிழமை பக்கத்துத் தோப்பில் ட்ரோனில் அடித்த பூச்சிமருந்து காற்றில் எங்கள் தென்னந்தோப்புக்கும் வந்ததை எழுதியிருந்தேன். அதன் கீழே வந்த பதில்களைப் படித்தபின் இரண்டு இரவுகளாகச் சரியாகத் தூங்கவில்லை. "பூச்சிக்கு மருந்து அடித்தவர்மேல் ஏன் இவ்வளவு கோபம்?" என்று கேட்கிறீர்கள். அந்த மருந்தில் செத்தவை, தென்னையைக் கெடுக்கும் ஈயைத் தின்ன நான் வாங்கி வந்து விட்ட குளவிகள்.

குடியாத்தம் பக்கம் தென்னை வைத்திருப்பவர்களுக்குச் சுருள் வெள்ளை ஈயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்டது. இன்று எங்கள் மரங்களிலும் ஓலைக்கு அடியில் சுருள் சுருளாக முட்டையிட்டுச் சாற்றை உறிஞ்சுகிறது. அது விடும் பிசுக்கில் கரும்பூஞ்சணம் படர்ந்து கீழோலைகள் கரி பூசியதுபோல் ஆகிவிடுகின்றன. இந்த ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு, உள்ளிருந்தே அதைத் தின்று வெளியே வருவது என்கார்சியா என்ற குளவி. கண்ணுக்குப் புள்ளியளவுதான். அந்தக் குளவி உள்ளே வளரும் ஓலைத் துண்டுகளை வாங்கி வந்து, பத்து மரத்துக்கு ஒன்றாக நானும் மனைவியும் ஏணி போட்டுக் கட்டினோம். ஆறாம் நாள் பக்கத்துத் தோப்பில் மருந்து தெளிக்கும் ட்ரோன் பறந்தது. காற்று எங்கள் பக்கம் அடித்தது.

"என் மரத்துக்கு நான் அடிக்கிறேன்" என்கிறார் பக்கத்துத் தோப்பு அண்ணன். குளவிக்கு வரப்பு தெரியுமா? உங்கள் ஈயையும் சேர்த்துத்தானே அது தின்றுகொண்டிருந்தது!

2009இல் எங்கள் அப்பா அரை ஏக்கரில் பப்பாளி வைத்திருந்தார். மாவுப்பூச்சி வந்தது. வாரம் ஒரு மருந்து. மெழுகு பூசிய பூச்சியின்மேல் எல்லாம் வழிந்தோடியது. அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. 2010 கோடையில் மரங்களை வெட்டிக் கொளுத்தினார். அதே ஆண்டுதான் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து மாவுப்பூச்சியைத் தின்னும் குளவிகளை வரவழைத்துத் தமிழ்நாட்டில் விட்டார்கள். அடுத்த சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. சில மாதம் பொறுத்திருக்கலாமே என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

"வெளிநாட்டுப் பூச்சி நாளை நம் பயிரையே தின்றால்?" என்று ஒருவர் ஆஸ்திரேலியத் தேரையைக் காட்டுகிறார். 1935இல் கரும்பு வண்டை ஒழிக்க விட்ட அந்தத் தேரை கண்டதையெல்லாம் தின்னும். என்கார்சியா வளர வெள்ளை ஈ வேண்டும். தென்னையை அதனால் கடிக்கக்கூட முடியாது. அதை யாரும் இறக்குமதி செய்யவும் இல்லை, ஈயோடு தானாகவே வந்து சேர்ந்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் மற்றக் குளவிகளைத் தனிமைப்படுத்திச் சோதித்த பிறகே வெளியே விடுகிறார்கள்.

குளவி மெதுவாக வேலை செய்கிறது என்பது உண்மை. கடன்காரன் காத்திருக்கமாட்டான் என்பதும் உண்மை. என்னிடம் அதற்குப் பதில் இல்லை. ஆனால் மருந்து அடித்த தோப்பிலும் ஈ திரும்பி வந்ததைப் பார்த்துவிட்டோமே! கரும்பூஞ்சணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்து அடித்தால், காய்ந்து செதிலாக உதிர்ந்துவிடும். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். நூறு ரூபாய் மாவை நம்பாதவர்கள், கடைக்காரர் எடுத்து நீட்டும் புட்டியின் பெயரைக்கூடக் கேட்காமல் வாங்குகிறார்கள். அப்பாவும் அப்படித்தான் வாங்கினார்.

அண்ணா, நாளை மறுபடியும் ஓலைத் துண்டு வாங்கப் போகிறேன். உங்களுக்கும் சேர்த்தே கேட்கிறேன். ஏணியை நானே தூக்கி வருகிறேன். அந்த ட்ரோன்காரரை மட்டும் இந்த மாதம் வரச் சொல்லாதீர்கள்.