$சர்வரைப் பார்த்து பாஸ்வேர்டு அனுப்புவதை முதலில் நிறுத்துங்கள்!

ஐஆர்சி அரட்டைக்கான எம்ஐஆர்சி கிளையண்டுக்கு ஸ்கிரிப்ட் எழுதிப் பகிர்கிறவர்களே, கனெக்ட் ஆனதும் நிக்சர்வுக்கு (நிக், அதாவது அரட்டைப் பெயரைக் காக்கும் சர்வீஸ்) பாஸ்வேர்டு அனுப்பும் அந்த ஒற்றை வரியை இன்னும் எத்தனை காலம் காப்பியடிப்பீர்கள்? எந்த நெட்வொர்க் என்று பார்க்க வேண்டாமா? எஃப்நெட் என்ற நெட்வொர்க்கில் நிக்சர்வே கிடையாது. சர்வீஸ் இல்லாத இடத்தில் நிக்சர்வ் என்ற பெயரைத் தடுத்து வைக்கவில்லை என்றால், எவன் வேண்டுமானாலும் அதை வைத்துக்கொண்டு பாஸ்வேர்டை வாங்கிக்கொள்ளலாம்.

சிலர் பார்க்கிறார்கள், ஆனால் $சர்வரை, அதாவது இணைந்திருக்கும் சர்வரின் பெயரை! டயல் செய்த முகவரி ஒன்று, டிஎன்எஸ் சுழற்சியில் (ஒரே முகவரி பல சர்வர்களுக்கு மாறி மாறிப் போவது) போய் விழும் சர்வர் இன்னொன்று. இன்று பொருந்தும் பெயர் நாளை ரீகனெக்ட் ஆனதும் பொருந்தாது. பழியெல்லாம் கிளையண்ட் மேல்.

பார்க்க வேண்டியது $நெட்வொர்க், அதாவது நெட்வொர்க்கின் பெயர். அதுவும் கனெக்ட் ஆகும்போது சர்வர் அனுப்பும் எண்ணிட்ட வரிகளில், 005-இல் அந்தப் பெயர் வந்த பிறகுதான். வரவேற்பு வரியான 001-லேயே எட்டிப் பார்த்தால் காலியாக இருக்கும். 005 பல வரிகளாக வரும், பெயர் இரண்டாவது மூன்றாவதிலும் இருக்கலாம். முதல் வரியோடு கையைக் கழுவாதீர்கள். சர்வரின் அன்றைய செய்தி முடிந்தது என்னும் 376 அல்லது அது இல்லை என்னும் 422 வரும்வரை பொறுத்தால் இந்தத் தொல்லையே இல்லை. இன்னொன்று: அந்தப் பெயர் சர்வர் தானே சொல்லிக்கொள்வது, எந்தச் சர்வரும் எந்தப் பெயரையும் போடலாம். அதை நம்பி பாஸ்வேர்டு கொடுக்காதீர்கள். சர்வர் யாரென்று காட்டும் டிஎல்எஸ் சான்றிதழைச் சரிபார்த்து, கிளையண்டின் சர்வர் பதிவிலேயே சாசல் (இணையும்போதே லாகின் செய்யும் முறை) வைத்துவிடுங்கள்.

ஒரே நெட்வொர்க்கில் இரண்டு நிக்கோடு இருந்தால் $நெட்வொர்க்கும் பயனில்லை. அங்கே $சிஐடி, அதாவது இணைப்பு எண்தான் ஒவ்வொரு இணைப்பையும் பிரித்துக் காட்டும். ஆனால் அதை ஃபைலில் சேமிக்காதீர்கள், கிளையண்டை மூடித் திறந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. நிலைத்த செட்டிங்கிற்கு நெட்வொர்க் பெயர், ஓடும்போது $சிஐடி. இவ்வளவுதான் விஷயம்!

இதைச் செய்யாததால், அடுக்கடுக்காக எழுதுகிறவரைக் கிக் செய்து வெளியேற்றும் ஃப்ளட் ஸ்கிரிப்டுகள் படுத்தும் பாடு சொல்லி மாளாது. % குறியுள்ள குளோபல் வேரியபிள்கள் எல்லா இணைப்புக்கும் பொது. வரிகளை எண்ணும் கவுண்டருக்குச் சேனல் பெயரும் நிக்கும் மட்டும் சாவி என்றால், இரண்டு நெட்வொர்க்கிலும் #ஹெல்ப் சேனல் இருக்கும்போது அங்கே ஒருவர் அடித்த மூன்று வரியும் இங்கே அதே நிக்கில் இருக்கும் வேறொருவர் அடித்த இரண்டு வரியும் சேர்ந்து வரம்பான ஐந்தாகிவிடும். ஒரு பாவமும் அறியாதவருக்குக் கிக். சாவியில் $சிஐடியைச் சேர்க்க எத்தனை எழுத்து ஆகும்?

மற்ற கிளையண்டுகளிலும் இதற்கு வழி உண்டு: வீசாட்டில் சிக்னல் (ஸ்கிரிப்டுக்கு வரும் நிகழ்வு அறிவிப்பு) பெயரிலேயே கமாவுக்கு முன்னால் சர்வர் பெயர் வந்துவிடுகிறது. இர்சியில் இணைப்பின் டேக், ஹெக்ஸ்சாட்டில் சேனல் பட்டியலின் ஐடி. எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்தான்.

கடைசியாக, எம்ஐஆர்சியில் /எஸ்சிஐடி போட்டு வேறு இணைப்புக்குக் கட்டளை அனுப்பும்போது $மீ (உங்கள் நிக்) என்று எழுதினால், இப்போதைய இணைப்பின் நிக்தான் முதலிலேயே நிரப்பப்பட்டுப் போகும். $!மீ என்று எழுதுங்கள். உதவிக் கோப்பிலேயே இருக்கிறது, திறந்து பாருங்கள்!