‘ஹேவ்’ யாருக்குச் சொந்தம்?

ஆங்கில ‘ஹேவ்’ (have, உடைத்தாயிருத்தல்) லத்தீன் ‘ஹபேரே’யிலிருந்து (habere) வந்தது என்று திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். ஒலியும் ஒத்துப்போகிறது, பொருளும் ஒன்று. ஆனால் இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

முதலெழுத்தைப் பாருங்கள். லத்தீனுக்கும் ஆங்கிலத்துக்கும் பொதுத் தாயான இந்தோ-ஐரோப்பிய மூலமொழியின் வல்லின க (‘கல்’லில் வருவது) லத்தீனில் அப்படியே நின்றது, ஜெர்மானிய மொழிகளில் (ஆங்கிலம், ஜெர்மன், டச்சு முதலியவை) ஹ ஆனது. லத்தீன் கோர்னு, ஆங்கிலம் ஹார்ன். கெந்தும், ஹன்ட்ரட். கானிஸ், ஹவுண்ட். 1818இல் மொழியியலாளர் ராஸ்மஸ் ராஸ்க் எடுத்துக்காட்டி, 1822இல் யாக்கோப் கிரிம் விதியாக வகுத்தது இது. நம் பால், பல், புலி கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹுலி ஆகின்றனவே, அதே மாதிரியான ஒழுங்கு. ஆகவே ‘ஹேவ்’வுக்கு லத்தீனில் க-வில் தொடங்கும் உறவைத்தான் தேட வேண்டும். இருக்கிறது: ‘கபெரே’ (capere), பிடித்தல். பிடித்தது கையில் இருக்கும். அங்கிருந்துதான் ‘உடைத்தாயிருத்தல்’ என்ற பொருள்.

‘கபெரே’யில் ப, ‘ஹேவ்’வின் கடைசியில் வ. எப்படி? கிரிம் விதிப்படி ப, ஃப ஆக வேண்டும் (பாதெர், ஃபாதர்). ஆனால் சொல்லின் அழுத்தம் அந்த மெய்க்கு முந்தைய அசையில் விழாவிட்டால், அந்த ஃப மேலும் மென்மையாகிவிடும். 1877இல் மொழியியலாளர் கார்ல் வெர்னர் வெளியிட்ட விளக்கம் இது. லத்தீன் செப்தெமில் ப இருக்க, அதன் உறவான ஆங்கில செவனில் வ இருப்பதும் இப்படித்தான். பழைய ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ வினை ‘ஹப்பன்’ (habban). ஜெர்மனில் ‘ஹாபென்’ (haben), டச்சில் ‘ஹெப்பென்’ (hebben).

அப்படியானால் ‘ஹபேரே’யின் உறவு யார்? லத்தீனின் முதல் ஹ பெரும்பாலும் மூச்சொலி கலந்த மென்மையான க-விலிருந்து (‘தங்க’த்தில் வருவது) வந்தது, ஜெர்மானியத்தில் அது மூச்சொலியை மட்டும் இழந்தது. லத்தீன் ஹோஸ்திஸ், ஆங்கிலம் கெஸ்ட். அந்த வரிசையில் சொற்பிறப்பு அகராதிகள் ‘ஹபேரே’யோடு வழக்கமாக இணைப்பது ‘கிவ்’ என்ற வினையை! வைத்திருப்பதும் கொடுப்பதும் ஒரே வேரில்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. “கேப்சர், கேப்பபிள் எல்லாம் க-வில்தானே தொடங்குகின்றன, விதி பொய்யா?” என்று கேட்பார்கள். அவை ‘கபெரே’யின் பிள்ளைகள்தான், ஆனால் ஒலி மாற்றம் முடிந்து பல நூற்றாண்டுகள் கழித்துக் கடனாக வந்தவை. கடன் சொற்களை முதலில் ஒதுக்காமல் ஒப்பிட்டால் எந்த விதியும் உடைந்ததுபோலத்தான் தெரியும்.

இன்றைய உச்சரிப்பை நம்புவதும் அப்படியே. பழைய ஆங்கிலத்தில் ‘கிவ்’ ய-ஒலியோடு ‘யியெவன்’ என்பதுபோல ஒலித்தது. இன்றைய க, வைக்கிங்குகளின் நார்ஸ் ‘கெவா’ தந்தது.