நெல் ஊறல் தண்ணீருக்கு முருங்கை விதை: எதுவரை வேலை செய்யும்?

முருங்கை விதையை இடித்துப் போட்டால் எந்தக் கழிவுநீரும் நல்ல தண்ணீர் ஆகிவிடும் என்று ஒரு வீடியோ அடிக்கடி சுற்றி வருகிறது. கலங்கிய கிளாஸ், ஒரு ஸ்பூன் பொடி, தெளிந்த கிளாஸ். ராமநாதபுரம் மாவட்டத்தில் திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் புழுங்கலுக்கு நெல் ஊறவைத்து அவிக்கும் சின்ன மில்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, "இதையே நம்ம தொட்டியிலயும் போட்டுறலாமே" என்கிறார்கள். தாராளமாகப் போடலாம். ஆனால் அது பாதி வேலைகூட இல்லை. தெளிந்துவிட்டது என்று அப்படியே கண்மாய்க்குத் திறந்துவிடுவது கலங்கலாக விடுவதைவிட மோசம். கலங்கலாக வந்தால் ஊரே சண்டைக்கு வரும், தெளிவாக வந்தால் ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

ஒரு டன் நெல் ஊறவைத்தால் ஏறக்குறைய 1,000 முதல் 1,200 லிட்டர் கழிவு வரும். அதில் இரண்டு சரக்கு இருக்கிறது. ஒன்று மிதப்பது: தவிடு, மாவு, தூசி, உமித் துணுக்கு. இன்னொன்று கரைந்தது: சர்க்கரை, மாவுச்சத்து, புளித்து வந்த அமிலம். முருங்கை விதையில் இருக்கும் புரதத்துக்கு நேர்மின்னேற்றம். கலங்கல் துகள்களுக்கு எதிர்மின்னேற்றம். இரண்டும் ஒட்டித் திரண்டு அடியில் உட்காரும், அவ்வளவுதான் வித்தை. கரைந்த சர்க்கரையை அது தொடாது. கண்மாய் மீனைச் சாகடிப்பது அந்தக் கரைந்த சரக்குதான். அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் உள்ள ஆக்சிஜன் முழுவதையும் இழுத்துக்கொள்ளும். அப்படி இழுக்கப்படும் ஆக்சிஜனின் அளவுதான் பி.ஓ.டி. (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை). நெல் ஊறல் தண்ணீரில் லிட்டருக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டுவது சாதாரணம். நிலத்தில் பாய்ச்சுவதற்கு மத்திய அரசின் பொது விதி அனுமதிப்பது 100.

உப்பையும் முருங்கை எடுக்காது. இந்தக் கரையில் இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். போர் தண்ணீரே உப்புக் கரிக்கும் ஊரில், "முருங்கை போட்டால் உப்பு இறங்கும்" என்று யாராவது சொன்னால், கரைந்த உப்பை அளக்கும் ஒரு டி.டி.எஸ். மீட்டரை அவர் கையில் கொடுத்து முன்னும் பின்னும் அளக்கச் சொல்லுங்கள்.

சரி, செய்முறை. விதைப்புக்கு விற்கும் விதையை வாங்காதீர்கள், பூஞ்சைக்கொல்லி தடவியிருப்பார்கள். மரத்திலேயே நெற்று காய்ந்த விதை வேண்டும். தோலை நீக்கினால் உள்ளே பருப்பு வெள்ளையாக இருக்கணும். மஞ்சளித்தோ சொத்தையாகவோ இருந்தால் தள்ளிவிடுங்கள். பருப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய். எண்ணெய் எடுத்த பிண்ணாக்கு கிடைத்தால் அதுதான் உத்தமம், திரளவைக்கும் புரதம் பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். முழுப் பருப்பாகப் போட்டால் தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் நிற்கும்.

50 கிராம் பொடியை ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் கலக்கி, காடாத்துணியில் வடிகட்டுங்கள். இதில் 1 மில்லிக்கு 50 மில்லிகிராம் விதை என்று கணக்கு. அன்றன்றைக்குக் கரைத்து அன்றே தீர்த்துவிட வேண்டும், மறுநாள் வைத்தால் நாறும், வேலையும் செய்யாது. உப்புத் தண்ணீரில் கரைத்தால் புரதம் அதிகம் இறங்கும் என்பது உண்மை. லிட்டருக்கு 58 கிராம் உப்பு என்று அதற்கு ஒரு கணக்கும் உண்டு. ஆனால் அந்தக் கரைசலில் 10 மில்லியை ஒரு லிட்டர் கழிவில் விட்டால் கிட்டத்தட்ட 600 மில்லிகிராம் உப்பைக் கூடவே கொட்டுகிறோம். வாலிநோக்கத்தில் உப்பளம் இருக்கிறதே, உப்புக்கு என்ன பஞ்சம் என்று நினைக்காதீர்கள். ஏற்கெனவே கரிக்கும் மண்ணுக்கு இது வேண்டாத வேலை.

அளவை வீடியோவிலிருந்து எடுக்காதீர்கள், என்னிடமிருந்தும் எடுக்காதீர்கள். ஆறு ஒரு லிட்டர் பாட்டிலில் உங்கள் மில் தண்ணீரை நிரப்பி, வரிசையாக 0, 2, 4, 6, 8, 12 மில்லி கரைசல் விடுங்கள். ஒரு நிமிஷம் வேகமாகக் கலக்கி, பிறகு 15 நிமிஷம் மெதுவாக. இந்த மெதுவான கலக்கலில்தான் துகள் துகளோடு சேர்ந்து பஞ்சு மாதிரி திரளும். இங்கே அவசரப்பட்டு வேகமாகச் சுற்றினால் திரண்டது உடைந்து மறுபடி கலங்கும். ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் நடுவில் உள்ள ஒரு பாட்டில்தான் நன்றாகத் தெளிந்திருக்கும், கடைசி பாட்டில் மறுபடி கலங்கலாக இருக்கும். அளவு மிஞ்சினால் துகள்கள் எல்லாமே நேர்மின்னேற்றம் ஏறி ஒன்றையொன்று தள்ளும். "கூடப் போட்டா கூடத் தெளியும்" என்பது இங்கே செல்லாது.

6 மில்லி சரி என்று வந்தால் லிட்டருக்கு 300 மில்லிகிராம். 1,000 லிட்டருக்கு 300 கிராம் பருப்புப் பொடி. ஒரு பருப்பு கால் கிராம்கூடத் தேறாது என்பதால் ஆயிரத்துக்கு மேல் விதை. தினம் பத்து டன் அவிக்கும் மில்லுக்கு நாளுக்கு 3 கிலோ. வாசலில் நிற்கும் ஒரு மரத்தை நம்பி இதில் இறங்க முடியாது.

தேத்தாங்கொட்டையும் தெளியவைக்கும். குடிதண்ணீர்ப் பானையில் உரைத்துவிட அதுபோல வராது. மில் தொட்டி அளவுக்குக் கொட்டை சேகரிப்பதுதான் கஷ்டம். வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள்: தேத்தாங்கொட்டை சின்னதாக உருண்டையாக இருக்கும். தட்டையாகப் பொத்தான் மாதிரி, பட்டு முடியோடு இருப்பது எட்டிக்கொட்டை. அது கடும் விஷம்.

அடியில் உட்கார்ந்த மண்டியை அன்று சாயங்காலமே வடித்துவிடுங்கள். இதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். ராத்திரி விட்டுவைத்தால் புளித்து, வாயுக்குமிழி மண்டியை அப்படியே மேலே தூக்கிவிடும், காலையில் தொட்டி முழுக்க நுரையும் கட்டியுமாக மிதக்கும். மண்டியை மணல் படுக்கையில் காயவைத்து, சாணத்தோடும் உமியோடும் சேர்த்து மக்க விடலாம். முருங்கைக்குப் பதில் படிகாரம் போட்டிருந்தால் மண்டியோடு அலுமினியமும் சேர்ந்து வந்திருக்கும். முருங்கைக்கு நான் தரும் பெரிய மார்க் இங்கேதான்.

இனிமேல்தான் நிஜமான சுத்திகரிப்பு. தெளிந்த தண்ணீர் புளித்திருக்கும். சுண்ணாம்பு விட்டு, புளிப்பைக் காட்டும் பி.ஹெச்.சை 7-க்குப் பக்கத்தில் கொண்டுவந்து, இரண்டு மூன்று தடுப்புச் சுவர் வைத்த மூடிய தொட்டியில் இரண்டு நாள் நிறுத்துங்கள். தொடக்கத்தில் தொட்டிக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு சாணக் கரைசல் விட்டால் போதும், கரைந்த சரக்கைத் தின்னும் நுண்ணுயிர் பிடித்துக்கொள்ளும். உள்ளே தென்னை நார் தொங்கவிட்டால் அவை ஒட்டி வளர இடம். புது நாரை அப்படியே போட்டால் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறும், பலமுறை ஊறவைத்துக் கொட்டிய பிறகே போடுங்கள். சுண்ணாம்பை மறந்தால் தொட்டி அமிலமேறி நின்றுவிடும், முட்டை அழுகிய வாடை தெருவுக்கே வரும்.

அதற்கப்புறம் வெட்டிவேர்ப் படுக்கை, அதாவது ஜல்லி நிரப்பி வெட்டிவேர் நட்ட பள்ளம்; தண்ணீர் அதன் வழியாகப் போகும்போது மிச்சச் சரக்கு குறையும். தொட்டியிலிருந்து பி.ஓ.டி. 300 அளவில் வருகிறது என்றால், 1,000 லிட்டருக்கு நாளுக்கு 300 கிராம் சுமை. சதுர மீட்டருக்கு நாளுக்கு 10 கிராம் என்று வைத்தால் 30 சதுர மீட்டர், அதாவது முக்கால் சென்ட். டன் நெல்லுக்கு முக்கால் சென்ட் இடம் இல்லாத மில், இந்த வழியை யோசிக்கவே வேண்டாம். ஆழம் 60 சென்டிமீட்டர், நடுவில் அரை இஞ்ச் ஜல்லி, தண்ணீர் நுழையும் முனையிலும் வெளியேறும் முனையிலும் பெரிய கல். அடியில் பண்ணைக்குட்டைக்கு விரிக்கும் ஷீட் கட்டாயம். தொண்டி மாதிரி மணல் பூமியில் நல்ல தண்ணீர் மேலாகத்தான் நிற்கும், அதில் இது கசிந்தால் ஊர் ஊற்றே கெட்டது. நாற்றை ஓரடி இடைவெளியில் நட்டு, முதல் இரண்டு மாதம் நல்ல தண்ணீர் கலந்தே விடுங்கள். நுழையும் முனை அடைத்துக்கொண்டு தண்ணீர் மேலே ஓடினால், முன்னாடி மண்டி வடிப்பதில் யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சீமைக்கருவேலக் கரியைக் கடைசியில் ஒரு அடுக்கு வைக்கலாம், கொஞ்சம் நிறமும் வாடையும் குறையும். அதிகம் எதிர்பார்க்காதீர்கள், மூட்டம் போட்டு எடுத்த சாதாரணக் கரிதானே அது. அதைவிட, பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைப்பதை விட்டுவிட்டு 65-70 டிகிரி வெந்நீரில் மூன்று நான்கு மணி நேரம் ஊறவைத்தாலே புளிப்பும் நாற்றமும் பாதி தீரும். நெல்லுக்கும் அது நல்லது.

வெளியே வரும் தண்ணீரை மாதம் ஒருமுறை பரிசோதனைக்கு அனுப்புங்கள், டி.டி.எஸ்.சை நீங்களே வாரம் ஒருமுறை பாருங்கள். சித்திரை, வைகாசியில் வெட்டிவேர் தண்ணீரை உறிஞ்சி ஆவியாக விட்டு உப்பை மட்டும் மிச்சம் வைக்கும், உள்ளே போனதைவிட வெளியே வருவது அதிகம் கரிக்கும். தென்னை தாங்கும். முண்டு மிளகாய்க் கொல்லைப் பக்கம் அந்த வாய்க்காலைத் திருப்பாதீர்கள்.