பையை வெளியே வைக்கச் சொன்னவர்கள் பதில் சொல்லட்டும்

பரீட்சை ஹாலுக்குள் பை கூடாது. லேபுக்குள் கூடாது. நூலகத்துக்குள் கூடவே கூடாது. சரி, விதி என்றால் விதிதான். ஆனால் வெளியே வைக்கச் சொன்ன பையை யார் பார்த்துக்கொள்வது? இதற்கு மட்டும் பதில் கிடையாது. சுவரில் ஒரு பலகைதான் தொங்குகிறது: "மாணவர்கள் தங்கள் உடைமைகளுக்குத் தாங்களே பொறுப்பு." உள்ளே தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளை, வராந்தாவில் கிடக்கும் பைக்கு எப்படிப் பொறுப்பாக முடியும்?

என் தங்கை நீலகிரியில் ஒரு கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அன்று காலையில் இன்டர்னல், மதியம் புராஜெக்ட் ரிவியூ. லேப்டாப் கட்டாயம் என்று சொன்னதே துறைதான். கொண்டுபோனாள். ஹால் வாசலில் பையை வைக்கச் சொன்னார்கள், வைத்தாள். ஜூலை மாதச் சாரலில் வராந்தா பாதி நனைந்து கிடந்திருக்கிறது. நனையாத பாதியில் பைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, பக்கத்திலேயே தண்ணீர் சொட்டும் குடைகள். காவலுக்கு ஓர் ஆள் இல்லை. தேர்வு முடிந்து வந்து பார்த்தால் பை இருக்கிறது, சார்ஜர் இருக்கிறது, லேப்டாப் இல்லை. அம்மா பழைய ஸ்வெட்டரைப் பிரித்து அதற்கென்று பின்னிக் கொடுத்த கம்பளி உறையை மட்டும் கழற்றிப் பைக்குள்ளேயே திணித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உறையைக் கழற்றுகிற அளவுக்கு நிதானமாக நின்று எடுத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். என் செட்டுக்குப் பள்ளியிலேயே அரசு லேப்டாப் கிடைத்தது, 2011-ல் தொடங்கிய திட்டம். இடையில் அது நின்றுபோனதால் தங்கைக்குக் கிடைக்கவில்லை. மகளிர் குழுவில் கடன் எடுத்துத்தான் அவளுக்கு வாங்கிக் கொடுத்தோம். பொருள் போய்விட்டது, தவணை போகவில்லை.

ஆபீஸில் போய் அழுதவளிடம் முதல் வார்த்தையே, "ஏம்மா, கையோட வெச்சுக்க வேண்டாமா?" கையோடு வைக்கக் கூடாது என்றவர்கள் நீங்கள்தானே மேடம்! சிசிடிவியைப் பார்க்கலாம் என்றால் அதற்கு ஒரு கடிதம், கையெழுத்து, நாளைக்கு வா. மறுநாள் பார்த்தால் கேமரா முகப்பில் ஈரம் படிந்து படம் முழுக்க வெள்ளை. அந்த வெள்ளைக்குள் நாலைந்து உருவங்கள், எல்லோரும் ஜெர்கின், குல்லா. ஊட்டிக் குளிரில் எல்லோரும் அப்படித்தான் இருப்பார்கள், யாரை அடையாளம் காட்டுவது? கேமரா வாங்கி மாட்டியவர்கள் அதை வாரம் ஒருமுறை துடைக்க ஓர் ஆளைச் சொல்லக் கூடாதா?

இதைக் கேளுங்கள். காலையில் உள்ளே போகும்போது கேட்டில் பையைத் திறந்து பார்க்கிறார்கள். எதற்கு? பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று. மலையைக் காப்பாற்ற அது வேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை. பாட்டிலுக்குப் பையைத் திறக்க முடிகிறதென்றால், வெளியே போகும் பையில் இருக்கும் லேப்டாப் யாருடையது என்று ஒரு வார்த்தை கேட்க முடியாதா? ஐ.டி. கம்பெனி வாசல்களில் சீரியல் நம்பரை எழுதிக்கொண்டு உள்ளே விட்டு, போகும்போது சரிபார்க்கிறார்கள். தேவை ஒரு நோட்டும் பேனாவும்தான். இங்கே கேமராவைப் பார்க்கவே ஒரு நாளைக் கடத்தியதில் என்ன ஆனது? மேட்டுப்பாளையம் பஸ் ஏறினால் மாலைக்குள் கோயம்புத்தூர். கூடலூர் வழியாக இறங்கினால் கேரளா, இல்லையென்றால் மைசூரு. பொருள் மலையை விட்டு இறங்கிவிட்டால் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று இந்த ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியாதா?

போன் களவுபோனால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில், ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொடுத்து நாடு முழுக்க முடக்கலாம். சாதாரண லேப்டாப்புக்கு அந்த எண்ணே கிடையாது. விண்டோஸில் மெஷின் இருக்கும் இடத்தைக் காட்ட 'ஃபைண்ட் மை டிவைஸ்' என்று ஒன்று இருக்கிறது. அதை முன்கூட்டியே ஆன் செய்திருக்க வேண்டும், மெஷினும் நெட்டில் இணைந்தால்தான் இடம் தெரியும். பென் டிரைவில் வேறு விண்டோஸ் ஏற்றிவிட்டால் அதுவும் போச்சு. ஆப்பிளின் புதிய மேக் லேப்டாப்புகளில் ஆக்டிவேஷன் லாக் உண்டு, எல்லாவற்றையும் அழித்தாலும் உரியவரின் கணக்கு இல்லாமல் திறக்காது. அது என்ன தோட்டத்துப் பிள்ளைகள் வாங்குகிற விலையா? மிஞ்சுவது சீரியல் நம்பர் ஒன்றுதான். அடியில் ஒட்டிய ஸ்டிக்கரைச் சுரண்டினாலும், மெஷினை ஆன் செய்ததும் முதலில் ஓடும் பயாஸ் மென்பொருளில் அந்த நம்பர் இருக்கும். கம்ப்யூட்டர் துறை வைத்திருக்கும் கல்லூரி, முதலாண்டிலேயே ஒரு லேப் நேரத்தை ஒதுக்கி, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஃபைண்ட் மை டிவைஸை ஆன் செய்து கொடுத்து, நம்பரையும் பதிந்து வைத்திருக்கலாம். செய்யவில்லை.

அப்புறம் ஸ்டேஷன். கல்லூரிப் பெயர் கெடும் என்று தயங்கிய பிறகுதான் எங்களை அங்கே அனுப்பினார்கள். அங்கே புகார் வந்தது என்பதற்கு மட்டும் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து, "கிடைச்சா கூப்பிடறோம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். புகாரிலேயே குற்றம் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும் என்று 2013-லேயே லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. சீரியல் நம்பரோடு எஃப்.ஐ.ஆர். இருந்தால், நாளைக்குக் கோவையில் ஒரு திருடன் பத்து லேப்டாப்போடு பிடிபடும்போது எது யாருடையது என்று ஒத்துப்பார்க்க வழி இருக்கும். வெறும் ரசீதை வைத்துக்கொண்டு எத்தனை நாள் காத்திருப்பது?

ஸ்டேஷனில் பதிய மறுத்தால் எழுத்து மூலமாக எஸ்.பி.க்கு அனுப்பலாம். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) 173-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. நாங்கள் ஏற்கெனவே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டோம். கல்லூரியிடம் நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பரீட்சை நாளில் பைகளை ஒரு வகுப்பறைக்குள் வைத்துப் பூட்டுங்கள். டோக்கன் கொடுங்கள். ஓர் ஆளை உட்கார வையுங்கள். ஆள் இல்லை என்றால் ரிவியூவை வேறு நாளில் வையுங்கள்.

வருகிற திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு கொடுக்கப் போகிறோம். உங்கள் பிள்ளையின் லேப்டாப்பும் இப்படிப் போயிருந்தால் பில்லையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். பில் இல்லாவிட்டால் டப்பாவைக் கொண்டுவாருங்கள், அதிலும் நம்பர் இருக்கும். டப்பாவையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டிருந்தால், பிள்ளையின் மைக்ரோசாஃப்ட் கணக்கை வேறு ஒரு மெஷினில் திறந்து பாருங்கள், பதிந்த சாதனங்களின் விவரத்தில் சில மெஷின்களுக்கு நம்பரைக் காட்டும். காலை பத்து மணிக்கெல்லாம் அங்கே இருப்போம்.