தினம் ஒரு குவளை போதுமா?

தொட்டிச் செடிக்குத் தினமும் காலையில் ஒரு குவளை தண்ணீர் போதும் என்கிறது கட்டுரை. மற்ற குறிப்புகள் அருமை, இதை மட்டும் ஏற்க முடியவில்லை. பெரிய தொட்டியில் ஒரு குவளை மேல்மண்ணைத்தான் நனைக்கும். வேரும் அங்கேயே சுற்றிக் கிடக்கும், சித்திரை வெயிலில் முதலில் காய்வதும் அந்த மண்தான். ஊற்றினால் அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். அப்புறம் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, ஈரம் ஒட்டாதபோது மறுபடி ஊற்றினால் போதும். தென்னை நார்க்கழிவு நிரப்பிய பைகளில் இது ரொம்ப முக்கியம்: மேலே வெளுத்துக் காய்ந்திருக்கும், உள்ளே சொதசொதவென்று இருக்கும்.

வேருக்குக் காற்றும் வேண்டும். மண்ணின் இடைவெளியெல்லாம் நீர் நின்றால் வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும். அப்படி வாடிய தக்காளியைப் பிடுங்கிப் பாருங்கள், வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பாகி, இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வரும். இலை வாடுகிறதே என்று அதற்கும் மேலே மேலே தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

தொட்டியின் அடியில் ஜல்லி போட்டால் நன்றாக வடியும் என்று பொதுவாகச் சொல்வார்கள், அதுவும் சரியல்ல. பொடி மண்ணிலிருந்து நீர் ஜல்லிக்குள் எளிதில் இறங்காது, தேங்கும் ஈரம் வேருக்குப் பக்கத்தில் ஏறிவிடும். துளைமேல் ஓர் ஓட்டுச்சில்லைக் கவிழ்த்து வைத்தாலே மண் வெளியே போகாது.