குழாயடியில் கேட்ட கேள்வி

போன வருடம் எங்கள் வாயனசாலைக்காக (ஊர் நூலகம்) கோவை-பாலக்காடு எல்லையில் இருக்கும் வேலந்தாவளம் பக்கம் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தோம். வீட்டில் யாருக்காவது போதைப்பழக்கம் உண்டா என்பது ஒரு கேள்வி. என் கையில் இருந்த படிவங்கள் அத்தனையிலும் "இல்லை".

ஒரு அக்கா வாசலில் நின்றபடியே "அதெல்லாம் எங்க வீட்ல இல்லீங்க" என்றார். நான் நாலு வீடு தாண்டியதும் காலிக் குடத்தோடு பின்னாலேயே வந்தார். குழாயில் தண்ணீர் வரவில்லை, அது அவருக்கும் தெரியும். "தம்பி, பையனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா போலீசுக்குத் தெரிஞ்சுருங்களா?" என்றார். அவர் வீட்டுப் படிவத்தில் நான் ஏற்கெனவே "இல்லை"யில் டிக் அடித்துவிட்டிருந்தேன்.

அதனால்தான் போதைக்கு அடிமையானவர்கள் இத்தனை பேர் என்று வாசலில் கேட்டு எடுத்த கணக்கை யாராவது நீட்டினால் எனக்குக் கோபம் வருகிறது. கைதுக் கணக்கும் அப்படித்தான். எல்லையில் வாளையாறு சோதனைச் சாவடியில் சோதனையைக் கூட்டினால் வழக்கு கூடும். அடிமையானவர்கள் கூடினார்களா என்பதற்கு அதில் பதில் கிடையாது. ஒரு தடவை கஞ்சா இழுத்துப் பார்த்தவனையும், அது இல்லாமல் காலையில் எழ முடியாதவனையும் ஒன்றாக எண்ணுவது அதைவிட மோசம்.

முறையாக எண்ண வழி இருக்கிறது. எய்ம்ஸ் குழு நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வு, சுமார் 2 லட்சம் வீடுகளில் கேட்டதோடு நிற்கவில்லை. 135 மாவட்டங்களில், போதைக்கு அடிமையான ஒருவர் மூலம் அடுத்தவர் என்று போய் 72,642 பேரைச் சந்தித்தது. அபின், ஹெராயின் வகையால் மட்டும் உதவி தேவைப்படும் நிலையில் சுமார் 77 லட்சம் பேர் இருக்கிறார்கள் என்று அது சொன்னது.

இன்னொரு வழி, குளத்து மீனை எண்ணுவது போல. 100 மீனைப் பிடித்து அடையாளம் போட்டு விடுகிறோம். மறுபடி பிடித்த நூறில் 20 அடையாளத்தோடு வந்தால், குளத்தில் சுமார் 500 மீன். மனிதர்களுக்கு சிகிச்சைப் பட்டியலையும் போலீஸ் பட்டியலையும் ஒப்பிட்டு, இரண்டிலும் இருப்பவர்கள் எத்தனை என்று பார்க்கிறார்கள். போலீசே ஆட்களைச் சிகிச்சைக்கு அனுப்பினால் இரண்டு பட்டியலிலும் இருக்கும் பெயர்கள் கூடி, கணக்கு உண்மையைவிடக் குறைந்துவிடும். பட்டியலைக் கூட்டினால் போதும் என்கிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

எங்கள் எல்லையில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கல். ஒரே ஆள் குடியிருப்பது பாலக்காடு மாவட்டக் கோழிஞ்சாம்பாறை, வேலை கோவையில், பிடிபடுவது பாலக்காட்டில், சிகிச்சை பொள்ளாச்சியில். இது ஒரு குளமே இல்லை! பாலக்காட்டுக்கும் கோவைக்கும் சேர்த்து ஒரே கணக்கு எடுக்க வேண்டும். எத்தனை படுக்கை, எத்தனை மருத்துவர், எவ்வளவு மருந்து என்பதெல்லாம் அந்த எண்ணை வைத்துத்தானே முடிவாகும்?

சரி, அந்த அக்காவுக்கு வருகிறேன். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. வழக்கறிஞர் நண்பரிடம் கேட்டேன். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் (NDPS) 64ஏ பிரிவின்படி, சொந்த உபயோகம் அல்லது சிறிய அளவு என்று வழக்கு உள்ளவர்கூட தானாகச் சிகிச்சைக்கு வந்தால் அந்த வழக்கிலிருந்து விலக்கு உண்டு, சிகிச்சையை முழுதாக முடிக்க வேண்டும் என்றார். அந்த வாரமே மூவரும் பஸ் ஏறினோம்.

ஓபி சீட்டில் பையன் பெயரை மலையாளத்தில் எழுதினார்கள். ஆதாரில் பெயர் 'ன்' என்று முடியும், சீட்டில் அந்த 'ன்' இல்லை. முகவரியாகக் கோவையில் அவன் தங்கியிருக்கும் அறையைச் சொன்னான். நாளைக்கு யாராவது இரண்டு பட்டியலை ஒப்பிட்டால், இவனை இரண்டு பேராக எண்ணிவிடுவார்கள். சீட்டைத் திருப்பிக் கொடுத்து, ஆதாரில் உள்ளபடி திருத்தி வாங்கினேன்.