16,384 படி அழுத்தமும் என் ரத்த அழுத்தமும்

ஒரு யானையின் தும்பிக்கையை வரைய எனக்கு ஒன்பது நாள் ஆனது. யானை பெரிசுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காரணம் அது இல்லை. புது டேப்லெட் வாங்கித் தொலைத்தேன்.

குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைவது என் பிழைப்பு. 2013-இல் வாங்கிய ஒரு சின்ன டேப்லெட்டில்தான் இத்தனை வருஷமும் ஓடியது. அதில் திரை எல்லாம் கிடையாது. ஒரு கறுப்புப் பலகை, ஒரு பேனா, அவ்வளவுதான். கை பலகையில் ஓடும், கண் மானிட்டரில் இருக்கும். பேனாவின் பிடி ரப்பர் உரிந்து பிசுபிசுக்க ஆரம்பித்ததும் மேலே பிளாஸ்திரி சுற்றிக்கொண்டேன். கை போய்ப் போய் பலகையின் நடுவில் வழுவழுவென்று ஒரு திட்டு விழுந்திருந்தது. வீட்டில் அதற்குப் பெயரே தோசைக்கல். மனைவி கிண்டலாகத்தான் வைத்தாள். ஆனால் பழகின கல்லில்தான் தோசை ஒட்டாமல் எழும்பும் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்?

அந்தப் பலகை கெட்டுப்போகவே இல்லை. என் வயிற்றெரிச்சலின் ஊற்றுக்கண்ணே இதுதான். கெட்டுப்போனது லேப்டாப். புது லேப்டாப் வந்தது, பலகையைச் செருகினேன், கர்சர் நகர்ந்தது. அப்பாடா என்று ஒரு கோடு போட்டால், தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிமன். அழுத்தினாலும் அப்படியே, தளர்த்தினாலும் அப்படியே. மை வைத்து வரைகிற மாதிரி வரைகிறவனுக்கு எல்லாமே அந்த அழுத்தம்தான். அழுத்தினால் கோடு தடிக்க வேண்டும், தூக்கினால் முடி போல மெலிந்து முடிய வேண்டும். அது போய்விட்டால் கையில் இருப்பது பேனா இல்லை, பேனா வேஷம் போட்ட மவுஸ்.

பலகையின் பாஷையைக் கணினிக்குப் புரியவைக்கிற மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். அதைத் தேடித் தயாரிப்பாளரின் தளத்துக்குப் போனேன். என் மாடலுக்கு ஆதரவு நிறுத்தப்பட்டது என்று ஒரு வரி. பழைய டிரைவரைப் போட்டுப் பார்த்தால் புது லேப்டாப் அதை ஏற்கவில்லை. கம்பி அறுபடவில்லை, பலகை உடையவில்லை, பேனா எழுதுகிறது. வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கிற ஆளுக்கு இறப்புச் சான்றிதழ் கொடுத்த மாதிரி இருந்தது.

சரி, காலத்தோடு போவோம் என்று, திரையுள்ள 16 அங்குல டேப்லெட் ஒன்றை 32,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் '16,384 அழுத்தப் படிகள்' என்று போட்டிருந்தது. பேனாவை அழுத்துவதை அத்தனை படியாகப் பிரித்து உணருமாம். என் பழைய பலகைக்கு 1024. பதினாறு மடங்கு! பதினாறு மடங்கு நல்ல கோடு வருமா? கணக்கைப் பார்ப்போம். நான் அனுப்புகிற சாதாரண 8 பிட் படத்தில் ஒரு நிறத்துக்கு மொத்தம் இருப்பதே 256 படி. நான் பெரும்பாலும் பிடிக்கும் பிரஷ் 20 பிக்சல். 20 பிக்சல் கோடு மெலிந்து தடிப்பதற்கு 16,384 படி எதற்கு? ஒற்றை மாடி வீட்டுக்கு இத்தனை படிக்கட்டு கட்டினால் ஏறுகிறவன் என்ன ஆவான்?

உண்மையில் கைக்கு வேண்டியது வேறு. எவ்வளவு மெல்லத் தொட்டால் கோடு தொடங்குகிறது, பாதி அழுத்தத்துக்குக் கோடு எவ்வளவு தடிக்கிறது, பேனாவைத் தூக்கும்போது வால் எப்படி மெலிகிறது. இதில்தான் சித்திரம் இருக்கிறது. இதை எந்தப் பெட்டியிலும் அச்சடிக்க மாட்டார்கள்.

அடுத்தது கேபிள். அந்த வார்த்தையைக் கேட்டாலே இப்போது எனக்குக் கை நடுங்குகிறது. பெட்டிக்குள் மூன்று தலை முளைத்த ஒரு கேபிள் இருந்தது. ஒரு தலை படத்துக்கான எச்டிஎம்ஐ, ஒன்று தகவலுக்கான யுஎஸ்பி, இன்னொன்று மின்சாரத்துக்கு. மூன்றும் ஒரே உடம்பில் சேர்ந்து டேப்லெட்டுக்குள் போகிறது. புது லேப்டாப்பிலோ, மெலிசாக இருக்க வேண்டும் என்ற வெறியில், எச்டிஎம்ஐ துளையே வைக்கவில்லை. யுஎஸ்பி-சி இரண்டு, பழைய யுஎஸ்பி ஒன்று. பரவாயில்லை, யுஎஸ்பி-சி ஒன்றே படம், தகவல், மின்சாரம் மூன்றையும் கொண்டுபோகும் என்கிறார்களே என்று வீட்டில் கிடந்த போன் கேபிளைச் செருகினேன். திரை இருட்டு.

சென்னையில் மின்னணுச் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைப் பையன் கேபிளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொல்கிற தொனியில் சொன்னான்.

"அண்ணா, இது சார்ஜிங் கேபிள். இதுல வீடியோ வராது."

"ரெண்டும் ஒரே மாதிரிதானே தம்பி இருக்கு?"

"பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்ணா. உள்ள வேற."

யுஎஸ்பி-சி என்பது துளையின் வடிவம் மட்டும்தான். உள்ளே என்ன ஓடும் என்பது அந்தந்தக் கேபிளின் தலையெழுத்து. ஒன்று சார்ஜ் மட்டும் ஏற்றும். ஒன்று சார்ஜோடு கொஞ்சம் தகவலையும் தள்ளும். இன்னொன்று படத்தையும் சுமக்கும். மூன்றையும் மேஜையில் வைத்தால் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது. படம் சுமக்கிற கேபிளை 900 ரூபாய்க்கு வாங்கி வந்து செருகினேன். திரை மறுபடி இருட்டு. ஏன்? கேபிள் மட்டும் சுமந்தால் போதாதாம், லேப்டாப்பின் துளையும் படம் அனுப்பத் தெரிந்ததாக இருக்க வேண்டுமாம். என் லேப்டாப்பின் இரண்டு துளைகளில் இடது பக்கத்துக்குத் தெரியும், வலது பக்கத்துக்குத் தெரியாது. பக்கத்தில் கடுகு அளவில் ஒரு குறி போட்டிருக்கிறார்கள். நாற்பத்தாறு வயதுக் கண்ணுக்கு அது தூசி மாதிரிதான் இருந்தது. நான் துடைத்துக்கூடப் பார்த்தேன்.

இதற்குள் மூன்று நாள் போயிற்று. யானை இன்னும் பென்சில் கோட்டில்தான் நிற்கிறது.

திரை எரிந்தது, பேனா நகர்ந்தது, அழுத்தம் இல்லை. மறுபடியும்! பழைய டிரைவரை நான் முழுசாகத் துடைக்கவில்லையாம். ஒரே கணினியில் இரண்டு டேப்லெட் டிரைவர் இருந்தால் மாமியார் மருமகள் கதைதான், இரண்டும் ஒரு அடுப்பில் வேலை செய்யாது. அன்இன்ஸ்டால், ரீஸ்டார்ட், இன்ஸ்டால், ரீஸ்டார்ட். அழுத்தம் வந்தது. கூடவே ஒரு புது வியாதியும் வந்தது. பேனாவை ஒரு நொடி வைத்தால் நுனியைச் சுற்றி ஒரு வட்டம் சுழன்று, வலது கிளிக் மெனு திறக்கிறது. யானையின் கண்ணுக்குள் மெதுவாக மை ஏற்றிக்கொண்டிருக்கும்போது நடுவில் மெனு குதித்தால் எப்படி இருக்கும்?

விசாரித்ததில் தெரிந்தது இது. விண்டோஸ் கணினியில் பேனாவின் அழுத்தத்தை மென்பொருளிடம் கொண்டுபோய்ச் சேர்க்க இரண்டு வழி உண்டு. ஒன்று 1990களில் வந்த விண்டாப். மற்றது விண்டோஸ் இங்க். டிரைவர் ஒரு வழியில் அனுப்பி, வரையும் மென்பொருள் இன்னொரு வழியில் காத்திருந்தால் அழுத்தம் போய்ச் சேராது. ஒருவர் எழும்பூரில் இறங்க, இன்னொருவர் சென்ட்ரலில் மாலையோடு நின்ற கதை. டிரைவரில் இங்க் என்ற கட்டத்தில் டிக்கை எடுத்தேன், வட்டம் ஒழிந்தது, அழுத்தமும் சேர்ந்து ஒழிந்தது. அப்புறம் மென்பொருளுக்குள் போய் அங்கேயும் விண்டாப் என்று மாற்றினால்தான் இரண்டும் கைகுலுக்கின. இதைச் சொல்ல ஒரே ஒரு வரி போதும். பெட்டிக்குள் பத்துக்கு மேல் மொழிகளில் ஒரு கையேடு வைத்திருக்கிறார்கள். தண்ணீரில் போடாதே, நெருப்பில் காட்டாதே என்று எழுதியிருக்கிறது. இந்த ஒரு வரி இல்லை.

வாடிக்கையாளர் சேவையையும் விடவில்லை. 'ரீஸ்டார்ட் செய்து பார்த்தீர்களா?' செய்தேன். 'வேறு கேபிள்?' ஐயா, என் வீட்டில் இப்போது கேபிள் கடையே இருக்கிறது. மூன்று நாள் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் ஏற்கெனவே நான்கு முறை இறக்கிய அதே டிரைவரின் சுட்டி.

நடுவில் அக்கா மகன் வந்தான். என் நிலைமையைப் பார்த்துவிட்டு, "மாமா, இப்பதான் ஏஐ ஒரு நிமிஷத்துல யானை வரைஞ்சு தருதே, எதுக்கு இவ்ளோ கஷ்டம்?" என்றான். அவனுக்குக் காபி கொடுக்க வேண்டாம் என்று சமையலறையைப் பார்த்துச் சைகை காட்டினேன்.

சரி, எல்லாம் ஓடுகிறது. இனி வரையலாம். இங்கேதான் பெரிய இடி. வரைய வரவில்லை.

திரையிலேயே வரைந்தால் காகிதத்தில் வரைகிற மாதிரி இயல்பாக இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். காகிதத்தில் பழகினவர்களுக்கு இருக்கலாம். என் கை பன்னிரண்டு வருஷமாகக் கண் பார்க்காமலே வேலை செய்து பழகின கை. இப்போது நான் வரைகிற இடத்தை என் கையே மறைக்கிறது. தும்பிக்கை எங்கே வளைகிறது என்று பார்க்க, ஜன்னலில் எட்டிப் பார்க்கிற மாதிரி தலையைச் சாய்க்க வேண்டியிருக்கிறது. பழைய பலகையில் கை இரண்டு அங்குலம் நகர்ந்தால் மானிட்டரில் அரை யானை ஓடும். இதில் அரை யானைக்குத் தோள்வரை ஓட வேண்டும். குனிந்து குனிந்து இரண்டாம் நாளே பிடரியில் வலி. திரையின் சூட்டில் உள்ளங்கை வேர்த்து ஒட்டுகிறது. கண்ணாடி வேறு வழுக்குகிறது. மெதுவாகச் சாய்கோடு இழுத்தால், அதுவும் ஓரத்துப் பக்கம் போனால், கோடு நெளிகிறது. என் கை நடுக்கமா, பலகையின் நடுக்கமா என்று தெரிந்துகொள்ள ஸ்கேல் வைத்து இழுத்துப் பார்த்தேன். ஸ்கேல் வைத்த கோடும் நெளிந்தது. அன்றைக்கு மட்டும் கொஞ்சம் சந்தோஷமாகத் தூங்கினேன்.

ஓவியர் கோபுலு பக்கவாதத்தால் வலது கை முடங்கியபின் இடது கையால் வரையப் பழகியவர். அவரை நினைத்துக்கொண்டு வெட்கப்பட முயற்சி செய்தேன். கொஞ்ச நேரம் வெட்கமாகத்தான் இருந்தது. அப்புறம் தோன்றியது, அவர் வலது கைக்கு எந்த நிறுவனமும் ஆதரவை நிறுத்தவில்லையே!

பழைய பேனாவையாவது புதுத் திரையில் பிடிக்கலாமா என்று பார்த்தேன். இரண்டு பேனாவுக்கும் பேட்டரி கிடையாது. பலகை அனுப்பும் மின்காந்த அலையை உள்ளே இருக்கிற சுருள் வாங்கித் திருப்பி அனுப்புகிறது, தத்துவம் ஒன்றேதான். ஆனாலும் இதன் பேனா அதற்கு ஆகாது. பிளாஸ்திரி சுற்றிய என் பேனாவைத் திரையில் வைத்தேன். கர்சர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எட்டாம் நாள் ஒருவழியாக ஒரு தும்பிக்கை வரைந்து பதிப்பாசிரியர் அம்மாவுக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் போன்.

"சார், நல்லா இருக்கு. ஆனா கதைல இது குட்டி யானை. நீங்க தாத்தா யானை மாதிரி வரைஞ்சிருக்கீங்களே, தும்பிக்கை எல்லாம் சுருங்கி?"

சுருக்கம் இல்லை அம்மா, 16,384 படி அழுத்தம் என்று சொல்ல வாய் வந்தது. "மாத்தித் தரேன் மேடம்" என்றேன்.

அன்று ராத்திரி ஒரு முடிவுக்கு வந்தேன். டேப்லெட் திரையும் மானிட்டரும் ஒரே படத்தைக் காட்டும்படி மாற்றினேன். டேப்லெட்டின் வெளிச்சத்தைச் சுழியத்துக்கு இறக்கினேன். கண்ணாடி வழுக்காமல் இருக்க, போன வருஷத்து மாதக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கம் மேலே வருகிற மாதிரி திரையின் மேல் ஒட்டினேன். மின்காந்த அலைக்குக் காலண்டர் தாள் ஒரு பொருட்டே இல்லை, பேனா அழகாக வேலை செய்கிறது. எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு தடிக்கும் என்று காட்டுகிற வளைகோட்டையும் டிரைவரில் இழுத்து இழுத்துப் பழைய பலகைக்குக் கிட்டே கொண்டுவந்தேன். மானிட்டரைப் பார்த்து, கையைப் பார்க்காமல், ஒரே இழுப்பில் தும்பிக்கை. குட்டி யானை!

தாளில் உரசி நிப்புதான் சீக்கிரம் தேய்கிறது. பெட்டியில் பத்து கொடுத்திருந்தார்கள், ஏழு மிச்சம் இருக்கிறது.

காலையில் மனைவி காபியோடு வந்தாள். 32,000 ரூபாய்த் திரை காலண்டர் தாளுக்குக் கீழே இருட்டாகக் கிடந்ததைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். காபி டம்ளரை அதன் மேலேயே வைக்கப் போனாள். பாய்ந்து பிடித்தேன்.